நீலக் கட்டத்தில் நின்ற காருக்கு நூறு வெள்ளியா?

தோட்டப்புறத்தில் கார் என்பது ஒரு காலத்தில் துரைக்கும் பெரிய கிராணிக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. மற்றவர்களுக்கு சைக்கிள், கொஞ்சம் வசதி வந்தால் ஹொண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள். இன்று லயத்து வாசலிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன நம்மவர் வீட்டு முன்பும் ஒரு மைவியோ பழைய சாகாவோ நிற்கிறது. குளுவாங், கூலாய், சிகாமட், ஜொகூர் பாரு என்று எந்தப் பட்டணத்திற்குப் போனாலும் பஸ்ஸுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. சந்தோஷமான விஷயந்தான். ஆனால் கார் வந்தபோது அதோடு கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. முன்கண்ணாடியில் வைப்பரின் அடியில் சொருகப்படும் தாள்!

அந்தத் தாளைக் கண்டதும் நம் ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "சம்மன் வந்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் பலர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையை விடுவதற்கு வரும்போது என்னிடம் நீட்டுவதுண்டு. வாசித்துப் பார்த்தால் பாதி சம்மனே அல்ல. வாசகர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியில் வந்து உட்காரும் தாள்கள் மூன்று ஜாதி.

போலீஸ்காரரும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் கொடுப்பது ஒன்று. அது சட்டத்தை மீறிய குற்றத்திற்கானது. அதை அலட்சியம் செய்தால் நீதிமன்றம் வரை போகும்; சாலை வரி புதுப்பிக்கும்போதும் தொல்லை வரும். இரண்டாவது, நகராண்மைக் கழகமோ மாநகர் மன்றமோ கொடுக்கும் காம்பவுண்ட். இதற்கும் பின்னால் சட்டம் நிற்கிறது. நியாயமான காரணம் இருந்தால் மன்றத்தின் அலுவலகத்திற்குப் போய் முறையிடலாம். மூன்றாவதுதான் நாம் இங்கே பேசப்போவது: பேரங்காடி, தனியார் ஆஸ்பத்திரி, அலுவலகக் கட்டடம் இவற்றின் கார் நிறுத்துமிடத்தை நடத்துகிற தனியார் நிறுவனம் வைத்துவிட்டுப் போகும் தாள். பார்ப்பதற்கு அரசாங்கத் தாள் மாதிரியே இருக்கும். எண் இருக்கும், முத்திரை இருக்கும், சிவப்பு எழுத்து இருக்கும். ஆனால் அது அபராதம் அல்ல. "நீங்கள் எங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு கம்பெனி இன்னொருவரிடம் கேட்கும் கடிதம், அவ்வளவுதான். நீங்கள் தர மறுத்தால் அவர்கள் சிவில் வழக்குப் போட்டு நீதிபதியிடம் நிரூபிக்க வேண்டும். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகாது.

ஆகவே தாளைக் கையில் எடுத்ததும் கீழே உள்ள தொகையைப் பார்க்காதீர்கள். மேலே உள்ள பெயரைப் பாருங்கள்.

<b>அகலமான கட்டம் எதற்கு?</b>

கட்டடத்தின் வாசலுக்குப் பக்கத்தில், லிப்டுக்கு அருகில், நீலச் சாயம் பூசிய கட்டங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் சக்கர நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் படம். இந்தப் படத்தை 1968-ஆம் ஆண்டு சுசான் கோபோட் என்ற டென்மார்க் நாட்டு மாணவி வரைந்தார். அவர் வரைந்ததில் நாற்காலி மட்டுமே இருந்தது, ஆளுக்குத் தலை இல்லை. அடுத்த ஆண்டு கார்ல் மொந்தான் என்பவர் ஒரு வட்டத்தைச் சேர்த்துத் தலை வைத்தார். அன்று முதல் உலகம் முழுக்க அந்தப் படந்தான்.

மற்றக் கட்டங்களைவிட இது அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் கட்டத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே கதவைப் பாதி திறந்து உடம்பைச் சுருக்கி நாம் வெளியே வந்துவிடுகிறோம். சக்கர நாற்காலியைக் கதவோரமாக நிறுத்தி, அதில் ஓர் ஆளை இறக்கி உட்கார வைக்க வேண்டுமானால் கதவு முழுக்கத் திறக்க வேண்டும். பக்கத்தில் நாற்காலிக்கு இடம் வேண்டும். தூக்கிவிடுபவர் நிற்கவும் இடம் வேண்டும். அந்த அகலம் இல்லாவிட்டால் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். இது சலுகை அல்ல. நமக்குப் படி எப்படியோ அவருக்கு அந்த அகலம் அப்படி.

நம் வீடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நிறையவே சம்பந்தம் உண்டு. 2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிய வந்தது. கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். சர்க்கரை வியாதியில் கால்விரல் போவது, பிறகு பாதம் போவது, பிறகு முழங்கால் வரை போவது நம் ஜனங்கள் காணாத காட்சி அல்ல. செம்பனைக் காட்டில் குலை விழுந்து இடுப்பு உடைந்தவர்களும் இருக்கிறார்கள். இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களில் எத்தனை பேர் ஓகேயு கார்டு எடுத்திருக்கிறார்கள்? நான் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தவள். பெர்கேசோ பென்ஷன் வாங்குகிறவர்கள்கூட "அதுதான் பெர்கேசோவில் பெயர் இருக்கிறதே டீச்சர்" என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. ஓகேயு என்பது 'ஓராங் கூராங் உபாயா' என்பதன் சுருக்கம். கார்டு கொடுப்பது சமூக நல இலாகா. கேட்கும் குறை, பார்வைக் குறை, பேச்சுக் குறை, உடற்குறை, கற்றல் குறை, மன நலக் குறை, ஒன்றுக்கு மேற்பட்ட குறை என்று ஏழு பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். டாக்டர் பரிசோதித்துப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுக்கலாம். இணையத்தின் வழியும் பதியலாம். பதிவுக்குக் காசு இல்லை. காரில் ஒட்டுவதற்கான ஒட்டு வில்லையைப் பற்றியும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

<b>கால் இருக்கிறதா இல்லையா?</b>

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர், இப்போது வேலையில் இல்லை. சர்க்கரையால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, கைத்தடியோடு மெதுவாக நடப்பார். நீளக் காற்சட்டை போட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய மகன் என்னிடம் படித்தவன், இப்போது தொழிற்சாலையில் வேலை. தகப்பனாரைக் கண் பரிசோதனைக்கு ஒரு தனியார் கட்டடத்திற்கு அழைத்துப் போய், நீலக் கட்டத்தில் காரை நிறுத்தியிருக்கிறான். ஓகேயு கார்டு தகப்பனாரின் வேறு பையில், வீட்டிலேயே தங்கிவிட்டது.

காவலாளி தடுத்தாராம். இவர் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, "இத்து போலே ஜாலான், புக்கான் ஓகேயு" என்றாராம். அதாவது, நடக்கிறாரே, இவர் எப்படி ஓகேயு ஆவார் என்று. பெரியவர் காற்சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியில் தாள். நூறு வெள்ளி, ஏழு நாளுக்குள் கட்டினால் ஐம்பது.

இந்த 'ஏழு நாளில் பாதி' என்பது இருக்கிறதே, அது நல்ல தந்திரம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். நூறு வெள்ளி என்பது ஒன்றரை நாள் வேர்வை. வாதாடித் தோற்றால் ஒன்றரை நாள் போகும், வாய் மூடிக் கட்டினால் முக்கால் நாளோடு போகும் என்று கணக்குப் போட்டு, நியாயம் தன் பக்கம் இருக்கிறவனும் ஐம்பதைக் கட்டிவிட்டுப் போகிறான்.

மகனும் அப்படித்தான் நினைத்தான். "கார்டை வைக்காதது நம்ம தப்புதானே டீச்சர், கட்டிடறேன்" என்றான்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, கார்டு வீட்டுல இருந்தா காலும் வீட்டுலயா இருந்துச்சு?" என்றார்.

அந்தக் கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. கார்டு என்பது அத்தாட்சி. கட்டம் கார்டுக்காகப் போடப்பட்டதா, காலுக்காகப் போடப்பட்டதா? நாங்கள் கடிதம் எழுதினோம். அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், எந்த ஆதாரத்தில் எழுதினோம் என்பதைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சட்டம் வரும், பயப்பட வேண்டாம்.

<b>டயரில் தொடங்கிய வழக்கு</b>

தனியார் கம்பெனி என்னிடம் எப்படி நூறு வெள்ளி கேட்க முடியும்? அவர்கள் சொல்லும் காரணம் 'ஒப்பந்தம்'. வாசலில் பலகை வைத்திருக்கிறோம், அதில் நிபந்தனை எழுதியிருக்கிறோம், நீங்கள் உள்ளே வந்தீர்கள், ஆகவே ஒப்புக்கொண்டீர்கள், நிபந்தனையை மீறினால் இவ்வளவு. சரி, ஒப்பந்தத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமா? நூறுக்குப் பதில் பத்தாயிரம் என்று எழுதினால்?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒரு டயர் வழக்கில் இருக்கிறது. மலாயாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த அதே டன்லப் கம்பெனி, தன் டயரைக் குறித்த விலைக்குக் கீழே விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு டயருக்கும் ஐந்து பவுன் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒரு மோட்டார்க் கடை மீறியது. வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போய் 1914-இல் தீர்ந்தது. ஐந்து பவுன் செல்லும் என்றார்கள். ஆனால் கூடவே ஒரு விதியையும் வகுத்தார்கள். வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்ட தொகை என்றால் செல்லும். ஆளைப் பயமுறுத்துவதற்காகப் போட்ட தண்டத் தொகை என்றால் செல்லாது. நம் பாட்டன்மார் சீவிய பாலும் ஏதோ ஒரு டயரில் இருந்திருக்கும். அந்த டயரால் வந்த விதி நூறு ஆண்டுகள் நின்றது.

பிறகு கார் நிறுத்துமிடத்திலேயே பெரிய வழக்கு ஒன்று வந்தது. இங்கிலாந்தில் செம்ஸ்போர்ட் என்ற ஊரில் கடைத்தொகுதி ஒன்று. இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். மீறினால் 85 பவுன்.  பாரி பீவிஸ் என்பவர் 2013 ஏப்ரலில் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்திவிட்டார். 'பார்க்கிங் ஐ' என்ற நிறுவனம் தாள் அனுப்பியது. இலவசமாக விட்ட இடத்தில் ஒரு மணி நேரத்தில் என்ன நஷ்டம் வந்துவிட்டது என்று கேட்டு அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4-ஆம் தேதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்டத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த நிபந்தனைக்குப் பின்னால் நியாயமான நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவரே நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் இடம் கிடைக்கச் செய்வது நியாயமான நோக்கம். பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன. 85 பவுன் மிதமிஞ்சியதும் அல்ல என்றார்கள்.

தோற்ற வழக்கை எதற்குச் சொல்கிறேன் என்கிறீர்களா? "தனியார் தாள்தானே, கிழித்துப் போடு" என்று காப்பிக் கடையில் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான். கிழித்துப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பே நம் கையில் ஓர் ஆயுதத்தையும் கொடுக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நம் நாட்டில் ஒப்பந்தங்களை ஆள்வது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அது இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன் 75-ஆம் பிரிவு சொல்வது: ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தாலும், மீறப்பட்டவருக்குக் கிடைக்கக்கூடியது அந்தத் தொகைக்கு மேற்படாத 'நியாயமான இழப்பீடு' மட்டுமே. எழுதிவைத்தது உச்ச வரம்பு. அதுவே கிடைத்துவிடும் என்பதில்லை. 1995-இல், மருத்துவத் தொழில் ஒன்றை விலைபேசிய நம்மவர் இருவருக்கிடையே நடந்த வழக்கில், கேட்பவர் தம் உண்மையான நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. சட்ட ஏடுகளில் அது செல்வகுமார் – தியாகராஜா வழக்கு. வெகு காலம் அதுவே வழக்கறிஞர்களுக்கு வேதவாக்கு. பிறகு கியூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் – மார்ஸ் தெலிகம்யூனிகேஷன்ஸ் என்று 2019-ஆம் ஆண்டு ஏடுகளில் பதிவான வழக்கில், அதே நீதிமன்றம் அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டது. எப்போதும் நஷ்டக் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்பதில்லை. நியாயமான நோக்கம் உண்டா, தொகை அதற்குப் பொருத்தமான அளவா என்று பார்க்கலாம். நியாயமற்றது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்றது. பீவிஸ் வழக்கின் கருத்து அப்படி நம் நாட்டுக்குள் வந்து சேர்ந்தது.

இப்போது பெரியவரின் காருக்கு வாருங்கள். நீலக் கட்டத்தில் கட்டணம் போடுவதற்குள்ள நியாயமான நோக்கம் என்ன? உடற்குறை உள்ளவருக்காக இடத்தைக் காப்பாற்றி வைப்பது. மிக நல்ல நோக்கம். கை கால் நன்றாக உள்ள ஒருவன் அங்கே நிறுத்தினால், அவனிடம் நூறு வெள்ளி கேட்பதை எந்த நீதிபதியும் அதிகம் என்று சொல்வார் எனத் தோன்றவில்லை. ஆனால் யாருக்காகக் காப்பாற்றி வைத்தார்களோ அவரே வந்து நிறுத்தியபோது, எந்த நோக்கம் கெட்டுவிட்டது? கார்டை வைக்கவில்லை என்பது உண்மை. அதனால் யாரையும் கேட்காமல் தாள் வைத்ததைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். கார்டு இருக்கிறது, வந்தவர் இவர்தான் என்று பிறகு காட்டிய பின்னும் பணம் வேண்டும் என்றால்தான், அது இழப்பீடும் அல்ல, இடத்தைக் காப்பாற்றுவதும் அல்ல, வெறும் வசூல். எங்கள் கடிதம் இந்த ஒன்றைத்தான் சொன்னது.

<b>பலகை எங்கே இருந்தது?</b>

அதோடு இன்னொன்றையும் கேட்டோம். கார்டைக் கண்ணாடியில் வைக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்ததா, அந்தப் பலகை எங்கே இருந்தது என்று.

இது சின்ன விஷயம் அல்ல. இலண்டனில் தோர்ன்டன் என்ற டிரம்பெட் வாத்தியக்காரர் ஒரு தானியங்கிக் கார் நிறுத்துமிடத்திற்குப் போனார். இயந்திரம் ஒரு சீட்டை நீட்டியது, எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்ப வந்தபோது அங்கே விபத்தில் அடிபட்டார். கம்பெனி, "உள்ளே தூணில் நிபந்தனை ஒட்டியிருக்கிறோம், காயத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறோம்" என்றது. 1971-ஆம் ஆண்டு ஏடுகளில் வந்த அந்த வழக்கில், சீட்டு வெளியே வந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு தூணில் காட்டும் நிபந்தனை அவரைக் கட்டாது என்று டென்னிங் பிரபு சொல்லிவிட்டார். எவ்வளவு கடுமையான நிபந்தனையோ அவ்வளவு பளிச்சென்று காட்ட வேண்டும் என்பது டென்னிங் பிரபுவின் கொள்கை. பீவிஸ் தோற்றதும், தோர்ன்டன் ஜெயித்ததும் பெரும்பாலும் பலகையால்தான்.

ஆகவே தாள் வைத்திருப்பதைக் கண்டதும் முதல் வேலை, கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பது. கார் நிற்கும் கட்டம், நீலச் சாயம் தெளிவாக இருக்கிறதா அழிந்திருக்கிறதா, நீங்கள் நுழைந்த வாசல், பலகை, அதன் எழுத்து எவ்வளவு பெரிது, முன்னால் மரமோ தூணோ மறைக்கிறதா, எல்லாவற்றையும் எடுங்கள். காவலாளியோடு சண்டை வேண்டாம். அவரும் நம்மைப் போல் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவர்.

சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிட்டால்? ஸ்காட்லாந்தில் 1992-ஆம் ஆண்டிலேயே, தனியார் இடத்தில் காரைப் பூட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதற்குச் சமம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் அது குற்றம். இங்கே நம்மூரில் இன்னும் அந்த மஞ்சள் பூட்டைப் பார்க்கிறோம். எது எப்படி இருந்தாலும் பூட்டை உடைக்காதீர்கள். பிறகு பொருளுக்குச் சேதம் செய்தான் என்று உங்கள்மேல் போலீஸ் புகார் போகும். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது, வேறு வழியில்லை என்றால் பணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீதிலேயே, 'டிபாயார் டெங்ஙான் பந்தாஹான்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆட்சேபத்தோடு கட்டப்பட்டது என்று பொருள். ஒப்புக்கொண்டு கட்டிவிட்டான் என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது.

<b>பல் இல்லாத சட்டம்</b>

2008-ஆம் ஆண்டு உடற்குறையுற்றோர் சட்டம் நமக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று அதன் 26-ஆம் பிரிவு அழகாகச் சொல்கிறது. ஆனால் அதை மீறினால் என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தால் அந்தச் சட்டம் நிறைவேறியபோது அதில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டம் அப்படி அல்ல. சேவை நடத்துகிறவர் உடற்குறை உள்ளவருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்குப் போடலாம். நம் சட்டத்திற்கும் பல் முளைக்க வேண்டும் என்பது உடற்குறையுற்றோர் வெகுநாளாகக் கேட்டுவருவது. இருந்தாலும் கடிதத்தில் 26-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். நாம் விஷயம் தெரிந்தவர்கள் என்று காட்டும்.

நம்மிடம் பல் உள்ளது வேறொன்று: பயனீட்டாளர் நடுவர் மன்றம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. நிறுத்துவதற்குக் காசு கொடுத்த நீங்கள் பயனீட்டாளர். ஐம்பதாயிரம் வெள்ளி வரை இங்கே கேட்கலாம். மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் வைக்கக் கூடாது என்பது பொது விதி. கம்பெனிக்காரரும் தாமே வந்து பேச வேண்டும். விஷயம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிரான பகுதியும் இந்தச் சட்டத்தில் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம். இங்கே ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்று: மன்றத்தின் காம்பவுண்டையோ போலீஸ் சம்மனையோ இங்கே கொண்டு போக முடியாது.

பெரியவரின் காரியம் அதுவரை போகவில்லை. கார் நிறுத்தும் கம்பெனிக்கு ஒன்றும், அவர்களை வேலைக்கு வைத்த கட்டட நிர்வாகத்திற்கு ஒன்றுமாக இரண்டு கடிதம் அனுப்பினோம். இரண்டாவது கடிதந்தான் முக்கியம் என்பது என் எண்ணம். கம்பெனிக்கு வசூல்தான் பெரிது, கட்டடக்காரருக்கோ தம் பெயர் பெரிது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' நோட்டீஸ் ரத்து செய்யப்படுகிறது என்று ஒரே வரி. மகனுக்கு நிம்மதி. பெரியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "நல்லெண்ணமா? நான் என்ன தர்மமா கேட்டேன் டீச்சர்? என் பக்கம் சரின்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கம்பெனிகள் அப்படி எழுதுவதில்லை.

இந்த இடத்தில் நம்மவர் சிலரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, வீட்டில் படுத்திருக்கும் பாட்டியின் கார்டைக் கண்ணாடியில் வைத்துவிட்டு, நீலக் கட்டத்தில் நிறுத்தி, நாலு பேரும் துள்ளிக் குதித்து இறங்குகிறார்கள். பாட்டி காரில் இல்லை! கார்டு பாட்டிக்குத்தான், காருக்கு அல்ல. இவர்கள் எனக்குக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று வந்தால் நான் எழுதித் தரமாட்டேன். பக்கத்துச் சிங்கப்பூரில் உடற்குறையுள்ளவர் தாமே ஓட்டினால் ஒருவகை அட்டை, பயணியாக வந்தால் இன்னொருவகை அட்டை. இரண்டாவதற்கு ஏறி இறங்க ஒரு மணி நேரந்தான். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வந்தால் நல்லதுதான்.

<b>கடிதம் எழுதும் முறை</b>

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மலாயில் எழுதுங்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளையே எழுதிவிடும். நாங்கள் எழுதியதன் சாரத்தை அப்படியே தருகிறேன்:

"சாய மெம்பந்தா சாஜ் இனி. பெத்தாக் ஓகேயு இத்து டிகுனாக்கான் ஓலே பெமெகாங் காட் ஓகேயு யாங் பெராடா டி டாலாம் கெரெத்தா பாட மாச இத்து. சாலினான் காட் டிசெர்த்தாகான். சிலா பாத்தால்கான் நோத்திஸ் டான் ஜாவாப் செச்சாரா பெர்த்துலிஸ் டாலாம் தெம்போ 14 ஹாரி."

இந்தக் கட்டணத்தை ஆட்சேபிக்கிறேன். அந்தக் கட்டத்தைப் பயன்படுத்தியவர் அப்போது காரில் இருந்த ஓகேயு கார்டுதாரர். கார்டின் நகல் இணைத்துள்ளேன். ரத்து செய்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள் என்பதுதான் அதன் பொருள். மேலே நோட்டீஸ் எண், தேதி, கார் எண் போடுங்கள். அன்று கிளினிக்குப் போனீர்கள் என்றால் அந்த ரசீதின் நகலையும் வையுங்கள். கார்டுக்காரர் அங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கார்டு நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இந்த முறையீட்டுக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள், வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தாமல் இருக்க. பலகை எங்கே என்பதையும், கார் நிறுத்துமிடம் நடத்த மன்றத்தின் லைசென்ஸ் உண்டா, அதன் எண் என்ன என்பதையும் ஒரு வரியில் கேளுங்கள். ஏழு நாள் தள்ளுபடி முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். முறையீடு முடியும்வரை தள்ளுபடிக் காலத்தை நிறுத்தி வைக்கும்படியும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைக் கடித நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நடுவர் மன்றத்திற்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பெரியவரின் வீட்டில் இப்போது ஓகேயு கார்டு கார்ச் சாவியோடு ஒரே ஆணியில் தொங்குகிறது.